வில்லியம் பார்ட்ரம்: கண்டுபிடித்தது இவர், பெயர் வைத்தது வேறு ஆட்களா?

காட்டுமல்லி

தாவரப் படம் வரைகிறவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். வில்லியம் பார்ட்ரம் (1739–1823) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிலடெல்பியா பக்கம் ஸ்கூகில் ஆற்றங்கரையில் கிங்செசிங் என்ற இடத்தில் பிறந்தவர். 1773இலிருந்து 1777 வரை கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா, செரோக்கி மலைநாடு, அப்புறம் மேற்கே மிசிசிப்பி ஆறு வரை பெரும்பாலும் குதிரையிலும் படகிலும் சுற்றி, செடிகளைச் சேகரித்து, வரைந்து, விதை கட்டி லண்டனுக்கு அனுப்பினார்.

இவ்வளவும் செய்தவர் பெயர் தாவரவியலில் எத்தனை இடத்தில் நிற்கிறது என்று தேடினால் ஏமாற்றம்தான். மலையில் அவர் 1775இல் பார்த்த காது மடல் போன்ற இலையடி கொண்ட மக்னோலியாவுக்கு இன்றைய பெயர் மக்னோலியா ஃப்ரேசரி. ஜான் ஃப்ரேசர் என்ற விதை சேகரிப்பாளரின் நினைவாக தாமஸ் வால்டர் 1788இல் வைத்தது. பார்ட்ரம் அதற்கு ‘ஆரிகுலாட்டா’ என்று பெயர் வைத்து எழுதிய பயண நூல் 1791இல்தான் வந்தது. அலபாமாவின் மொபைல் என்ற ஊர்ப் பக்கம் ஆற்றங்கரையில் அவர் கண்டு வியந்த ஈனோதெரா என்ற பெரிய மஞ்சள் பூச்செடிக்கும் இதே கதை, 1789இல் லண்டன் கியூ அரச தாவரத் தோட்டத்தின் பட்டியலில் வேறொருவர் வைத்த பெயரோடு வந்துவிட்டது. இது லண்டன்காரர்கள் செய்த அநியாயமா, இல்லை இவர் சோம்பலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிகிரிகாபி

இவர் அப்பாவும் தாவரக்காரர்தானே? நான் எப்போதும் இரண்டு பேரையும் குழப்பிக்கொள்வேன். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கா என்றாலே பார்ட்ரம் தோட்டம் என்றுதான் எங்கும் வருகிறது, எந்தப் பார்ட்ரம் என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

வேலிப்பருத்தி

அப்பா ஜான் பார்ட்ரம், 1699–1777. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயி. பெரிய படிப்பு கிடையாது, தானாகவே லத்தீன் கொஞ்சம் கற்று 1728இல் அந்தத் தோட்டத்தை ஆரம்பித்தவர். லண்டனில் பீட்டர் காலின்சன் என்று ஒரு துணி வியாபாரி, அவரும் குவேக்கர், தோட்டப் பைத்தியம். அவர் மூலமாக ஜான் ஆண்டுதோறும் அமெரிக்க மரவிதைப் பெட்டிகளை இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு அனுப்பினார், ஒரு பெட்டி ஐந்து கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பொற்காசு). இன்றைக்கு இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் அமெரிக்க மரங்கள் நிற்பதற்கு அந்தப் பெட்டிகள் ஒரு முக்கியக் காரணம். 1765இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவரை அரச தாவரவியலாளர் ஆக்கினார், வருடம் 50 பவுண்டு சம்பளம்.

மகன் வில்லியம்தான் படம் வரைந்தவர். பதின்ம வயதிலேயே பறவைகளையும் ஆமைகளையும் வரைய ஆரம்பித்துவிட்டார், காலின்சன் அவற்றை லண்டனில் காட்ட, ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பறவை ஓவியர் அந்தப் பையன் அனுப்பிய பறவைகளைத் தன் நூலில் சேர்த்துக்கொண்டார்.

காட்டுமல்லி கேட்டதற்கு வருகிறேன். பயணத்துக்குக் காசு கொடுத்தவர் டாக்டர் ஜான் ஃபாதர்கில், லண்டன் மருத்துவர். வருடத்துக்கு 50 பவுண்டு, படங்களுக்குத் தனியாகப் பணம். பேச்சு என்னவென்றால் உலர்த்திய மாதிரிகளும் விதைகளும் படங்களும் அவருக்குப் போகவேண்டும். ஃபாதர்கில் தாவரவியல் அறிஞர் அல்ல, தோட்டம் வைத்திருந்த புரவலர். வந்த மாதிரிகளைப் பார்த்துப் புதியவற்றுக்குப் பெயரிட்டு அச்சுக்குக் கொடுக்கவேண்டியவர்கள் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் வட்டத்தில் இருந்தவர்கள், குறிப்பாக, செடிகளுக்கு இரண்டு சொல் லத்தீன் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் சொலாண்டர். அவர்கள் மேஜையில் அப்போது கேப்டன் குக் கப்பலில் கொண்டுவந்த பசிபிக் செடிகள் மலைபோல் கிடந்தன. அமெரிக்கச் செடிகளை எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஃபாதர்கில் 1780இல் இறந்தார், சொலாண்டர் 1782இல் இறந்தார். அதோடு விஷயம் படுத்துவிட்டது.

ஆக அநியாயம் என்று சொல்வதைவிட அசட்டை என்பேன். ஆனால் மறுபக்கமும் உண்டு. 1777இல் வீடு திரும்பியவர் புத்தகத்தை வெளியிட 1791 ஆனது. பெயரிடும் விஷயத்தில் முதலில் அச்சில் வந்ததுதான் செல்லும், முதலில் பார்த்தவர் யார் என்பதற்கு மதிப்பில்லை. பதினான்கு வருடம் கையெழுத்துப் பிரதியாகவே வைத்திருந்தால் யார்தான் காத்திருப்பார்கள்?

பழையவரைபடம்

பதினான்கு வருடம் சும்மா இருக்கவில்லை. 1777 செப்டம்பரில் அப்பா இறந்தார், அதே மாதம் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவுக்குள் நுழைகிறது. போர் முடிய 1783. 1786இல் விதை பறிக்க சைப்ரஸ் மரத்தில் ஏறி விழுந்து கால் மோசமாக முறிந்தது. அதே வருடம் ஒரு பதிப்பாளர் முன்பணச் சந்தா திரட்டி வெளியிடப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. கண் பார்வைக் கோளாறு வேறு. 1775இல் மேற்கு ஃப்ளோரிடாவில் கடும் காய்ச்சலோடு கண்நோய் வந்து பார்வையே போய்விடும் நிலை. பொடித்த ‘ஸ்பானிஷ் ஈ’ வண்டை இரண்டு தோளுக்கும் நடுவில் பற்றுப் போட்டுக் கொப்புளம் எழுப்பினார்கள், அதுதான் அன்றைய வைத்தியம். உயிர் பிழைத்தார். ஆனால் கண் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. வேலிப்பருத்தி ஐயா இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வேலிப்பருத்தி

சேர்க்கிறேன். ஆனாலும் லின்னேயஸ் முறையில் பத்து வரி லத்தீன் வருணனை எழுதி அனுப்ப ஒரு நல்ல வாரம் போதும். அவருக்கு அதில் ஆர்வமில்லை என்பதுதான் உண்மை. 1782இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது, உடல்நிலையைச் சொல்லி மறுத்துவிட்டார். புத்தகத்தில் 215 பறவைகளின் பட்டியல் இருக்கிறது, அந்தக் காலத்தில் அமெரிக்கப் பறவைகளுக்கு அதைவிட முழுமையான பட்டியல் கிடையாது. ஆனால் சிலவற்றுக்கு இரண்டு சொல் பெயர், சிலவற்றுக்கு மூன்று என்று கைக்கு வந்தபடி வைத்திருப்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே இருபதாம் நூற்றாண்டில் விலங்குப் பெயரிடும் ஆணையம் அந்த நூலின் பெயர்களை மொத்தமாகச் செல்லாது என்று ஒதுக்கியது.

செடிகளில் சில தப்பித்தன. ஓக் இலை ஹைட்ராஞ்சியா இன்றும் அவர் வைத்த பெயரிலேயே இருக்கிறது. நர்சரிகளில் கோடிக்கணக்கில் விற்கிற செடி என்று ஒருவர் வேறு இழையில் எழுதியிருந்தார், எண்ணிக்கைக்கு நான் பொறுப்பல்ல, ஆனால் அலபாமா மாநிலத்தின் காட்டுப்பூ அதுதான்.

டிகிரிகாபி

அப்பா அரச தாவரவியலாளர், தோட்டம் சொந்தம், லண்டன் தொடர்பு தயார். இவருக்கு வாழ்க்கை சுலபமாகத்தானே இருந்திருக்கும்?

காட்டுமல்லி

அங்கேதான் கதை. அப்பாவுக்கு மகன் படம் வரைவதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. இதை வைத்துச் சோறு தின்ன முடியாது என்பது அவர் முடிவு. காலின்சனுக்கு எழுதிய கடிதங்களில் இதே புலம்பல்: இந்தப் பையனை எந்தத் தொழிலில் விடுவது? பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் குடும்ப நண்பர், அச்சுத்தொழிலில் சேர்க்கலாம் என்றார், அச்சில் காசு பார்த்தவர்கள் குறைவு என்று அப்பாவுக்கு ஒப்பவில்லை. கடைசியில் ஒரு வணிகரிடம் தொழில் பழக விட்டார்கள். 1761இல் வட கரோலினா கேப் ஃபியரில் சித்தப்பா வீட்டருகே கடை வைத்தார். கடை ஓடவில்லை.

1765இல் அப்பா ஃப்ளோரிடாவைப் பார்க்கக் கிளம்பியபோது கடையை அப்படியே போட்டுவிட்டுக் கூடப் போனார். பயணம் முடிந்ததும் இங்கேயே பண்ணை போடுகிறேன் என்று பிடிவாதம். அப்பா அரைமனதோடு பணம் கொடுத்தார், ஆறு அடிமைகளையும் வாங்கிக்கொடுத்தார். செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பில் ஒரு குடிசை. 1766 கோடையில் சார்ல்ஸ்டன் வணிகர் ஹென்றி லாரன்ஸ் அந்த வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: ஒழுகும் குடில், சாப்பாடு போதவில்லை, காய்ச்சல், பேச ஆள் இல்லை, இந்த மென்மையான மனிதர் இந்த இடத்துக்கு ஏற்றவரே இல்லை என்று. ஒரு வருடத்துக்குள் அதுவும் முடிந்தது. திரும்பிவந்து பிலடெல்பியாவில் கூலி வேலை, மறுபடி கடன், 1770இல் கடன்காரர்களுக்கு அஞ்சி ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி கேப் ஃபியருக்கு.

முப்பத்து மூன்று வயதில் கையில் ஒன்றுமில்லாத இந்த மனிதர், ஃபாதர்கில்லுக்குத் தானே எழுதிக் கேட்டுத்தான் ஃப்ளோரிடாப் பயண வாய்ப்பைப் பெற்றார். அப்பா அப்போதும் முழுச் சம்மதம் இல்லாமல்தான் இருந்தார்.

அந்திமந்தாரை

கொஞ்சம் நிறுத்துங்கள். “ஆறு அடிமைகளை வாங்கிக்கொடுத்தார்” என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். மென்மையான மனிதர், பாவம், காய்ச்சலில் கிடந்தார் என்று மட்டும் நினைவு வைத்துக்கொண்டு, அதே சதுப்பில் அந்தக் காய்ச்சலோடு மரம் வெட்டிய ஆறு பேர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் பெயர் பதிவில் எங்காவது இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்து அலுத்துப்போனேன். பயண நூலிலும் ஜார்ஜியாத் தோட்டங்களில் மரம் வெட்டும் அடிமைகள் வாட்டசாட்டமாக, பாட்டுப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியாக வேலை செய்வதாக ஒரு காட்சி வருகிறது. விருந்து கொடுத்த முதலாளிக்கு நன்றி சொல்வதுபோல் எழுதிய பத்தி அது.

பழையவரைபடம்

நியாயமான கேள்வி. பிற்காலத்தில் அவர் அடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய ஒரு கையெழுத்து வரைவு கிடைத்திருக்கிறது, தோட்டத்தின் செடிப்பட்டியல் தாளின் பின்பக்கத்தில். தேசம் இதற்குத் தண்டனை அனுபவிக்கும் என்ற தொனியில். ஆனால் அச்சுக்குப் போகவில்லை. புத்தகத்தில் சொல்லவில்லை, தாளின் பின்னால் சொல்லியிருக்கிறார், இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

நிலம் விஷயத்திலும் இதே இரட்டை நிலை. 1773இல் ஜார்ஜியாவின் ஆகஸ்டாவில் கிரீக், செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் வணிகர்களுக்குப் பட்ட கடனுக்காக ஏறக்குறைய இருபது லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் நடந்தது. அதை அளக்கப் போன கூட்டத்தோடு பார்ட்ரமும் போனார். அங்கே ஒரு சம்பவம் எழுதுகிறார். அளவையாளர் காம்பஸை வைத்து எல்லைக்கோடு இந்தத் திசை என்கிறார், கூட இருந்த கிரீக் தலைவர் இல்லை, நதி அந்தப் பக்கம் என்று கை காட்டுகிறார். காம்பஸ் பொய் சொல்லாது என்று அளவையாளர் வாதாட, அந்தச் சின்னக் கருவி பொய்க்காரன், எங்கள் மண்ணைப் பிடுங்கப் பார்க்கிறது என்று தலைவர் கோபப்பட, கடைசியில் தலைவர் சொன்ன திசைதான் சரி என்று ஆனது. இதை ஒளிக்காமல் எழுதியவர் பார்ட்ரம். அதே ஆள் அடுத்த பக்கத்தில் இந்த மண் என்ன அருமையான மண், எவ்வளவு பேர் குடியேறலாம் என்றும் எழுதுவார்.

ஒன்றை நினைவில் வையுங்கள், அவருடைய தாத்தா 1711இல் வட கரோலினாவில் செவ்விந்தியர் தாக்குதலில் இறந்தவர். அப்பா ஜானுக்கு வாழ்நாள் முழுக்க அந்த மக்கள்மேல் ஆறாத கோபம், கடிதங்களில் அடித்து நொறுக்கவேண்டும் என்றெல்லாம் எழுதுவார். அந்த வீட்டில் பிறந்த மகன் போய் ஃப்ளோரிடாவின் பூர்வகுடிகளான செமினோல் மக்களின் ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்களுடைய ஒழுக்கத்தையும் நீதியையும் வெள்ளையரோடு ஒப்பிட்டு இவர்களே மேல் என்று அச்சில் எழுதினார். 1774இல் கஸ்கோவில்லா என்ற ஊரின் தலைவர் ‘கவ்கீப்பர்’, அவர் மொழியில் அஹாயா, இவர் வந்த காரணத்தைக் கேட்டுச் சிரித்து, ‘பக் பக்கி’, அதாவது பூத் தேடுபவன், என்று பெயர் வைத்து எங்கு வேண்டுமானாலும் போய்ச் செடி பறித்துக்கொள் என்று அனுமதி கொடுத்தார். வந்தவர்களெல்லாம் நிலமோ தோலோ கேட்ட காலத்தில் பூ கேட்டு வந்த ஆள் அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

அந்திமந்தாரை

வரைவு பற்றித் தெரியாது, நன்றி. ஆனால் அச்சிடாத கண்டனத்துக்கு அரை மதிப்பெண்தான்.

முதலைக்குட்டி

எல்லோரும் கனமாகப் பேசுகிறீர்கள், நான் என் பெயருக்கு ஏற்ற கேள்வி கேட்கிறேன். முதலைகள் மூக்கிலிருந்து புகை வருகிற மாதிரி ஒரு படம் வரைந்திருக்கிறாரே, அது என்ன? இருபது அடிக்கு மேல் நீளம், இடி மாதிரி முழக்கம், படகை நான்கு பக்கமும் சுற்றி வளைத்துத் தாக்குதல், தடியால் அடித்துக் கரையேறினேன் என்று... நம்புகிற மாதிரியா இருக்கிறது? அந்தக் காலத்திலேயே விமர்சகர்கள் சிரித்தார்களாம்.

வேலிப்பருத்தி

நீளம் மிகைதான், இன்று பதினான்கு அடி தாண்டினாலே செய்தியாகும். ஆனால் முழக்கம் உண்மை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முதலை உறுமும்போது உடல் அதிர்ந்து முதுகின் மேல் தண்ணீர் துள்ளித் தெறிக்கும், குளிர்ந்த காலையில் மூச்சு ஆவியாகத் தெரியும். படகில் தனியாக, இருட்டுகிற நேரத்தில், கூட்டத்துக்கு நடுவில் இருந்தவர் அதைப் புகை என்று எழுதினால் நான் மன்னித்துவிடுவேன். அந்த இடத்தில் மீன் கூட்டம் ஆற்றை அடைத்துக்கொண்டு வந்ததாகவும் அதற்குத்தான் முதலைகள் திரண்டன என்றும் காரணத்தையும் சொல்கிறார், அது பொருந்துகிறது.

மண்ணும் புல்லும் குவித்துக் கட்டும் முதலைக் கூடு, தாய் காவல் நிற்பது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவது எல்லாம் எழுதியிருக்கிறார். முதலைக்குத் தாய்ப்பாசமா என்று சிரித்த விஷயம்தான். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அது சரி என்றார்கள்.

முதலைக்குட்டி

அப்போ கவிஞர் இல்லை, விஞ்ஞானிதான் என்கிறீர்களா? ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இவர் புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாகக் குறிப்பேட்டில் நகல் எடுத்து வைத்திருந்தார், வேர்ட்ஸ்வொர்த்தும் எடுத்தாண்டார் என்று படித்திருக்கிறேன். தாவரவியலுக்காக அவர்கள் படித்திருக்கமாட்டார்களே.

காட்டுமல்லி

இரண்டையும் பிரிக்கவே முடியாத ஆள் என்பதற்கு எனக்குப் பிடித்த இடம் ஒன்று சொல்கிறேன். ஜார்ஜ் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஊற்று, தண்ணீர் கண்ணாடிபோல. உள்ளே முதலை, கெளிறு, கெண்டை எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சண்டையில்லாமல் நீந்துகின்றன. ஆதாம் பாவம் செய்வதற்கு முந்தைய உலகம் மாதிரி இருக்கிறது என்று உருகி எழுதுகிறார். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். இவர் அடுத்த வரியில், இது வெறும் தோற்றம்தான், இந்த மீன்களின் குணம் ஆற்றில் இருக்கும் மீன்களின் குணமேதான், தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதால் பதுங்கித் தாக்க முடியவில்லை, அதனால்தான் அமைதி என்கிறார். வேட்டையாடும் உயிருக்கு மறைவு எவ்வளவு முக்கியம் என்று 1774இல் பார்த்துச் சொன்னது இது.

கொல்வது அவருக்கு எப்போதுமே உறுத்தல். ஒரு வேடன் தாய்க்கரடியைச் சுட, குட்டி அதன் உடலைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுததைப் பார்த்துவிட்டு நானும் கொலைக்கு உடந்தை என்று எழுதுகிறார். புல்வெளியில் சுட்ட பெருங்கொக்கைச் சூப்பில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வேறு உணவு கிடைக்கிற வரை இவை வானத்தில் பாடுவதைக் கேட்பதே எனக்கு மேல் என்கிறார். சாப்பிட்டது சாப்பிட்டதுதான், அதையும் மறைக்கவில்லை.

தூரிகைவால்

நான் தாவர ஓவியம் வரைகிறவள், எல்லோரும் பெயர், பட்டியல், முதலை என்று பேசுகிறீர்களே தவிர படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவருடைய தாமரைப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்க மஞ்சள் தாமரை. இலையும் மொட்டும் காயும் படம் முழுக்க ஆக்கிரமித்து நிற்க, கீழே நீலநாரை ஒன்று தாமரைத் தண்டுக்கு அடியில் குட்டியாக நிற்கும். ஓரத்தில் ஈ பிடிக்கும் வீனஸ் செடி வேறு. அளவுகோல் தெரியாதவர் போட்ட படம் என்று ஒரு பேராசிரியர் வகுப்பில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் தாமரை இலை தலைக்கு மேல் குடையாக நிற்கும். நாரை தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஐரோப்பியத் தாவரப் படங்களில் வெள்ளைத் தாளில் செடி மட்டும் தனியாக மிதக்கும். எஹ்ரெட் மாதிரி மேதைகள் வரைந்தவை. துல்லியம் அசரவைக்கும், ஆனால் செடி எங்கே வாழ்கிறது என்று தெரியாது. பார்ட்ரம் படத்தில் செடிக்கு அடியில் நத்தை, இலைக்குப் பின்னால் பாம்பு, அதை முறைக்கிற தவளை என்று ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போவார். கோடு சில இடத்தில் விறைப்பாக இருக்கும், பாம்பு கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலை நரம்பில் அவர் கை தடுமாறியே நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, அலச்சுவா புல்வெளிப் படம். இன்று கெயின்ஸ்வில் பக்கம் பெய்ன்ஸ் ப்ரெய்ரி என்று காப்பிடமாக இருக்கிற இடம். பாதி வரைபடம், பாதி நிலக்காட்சி. பறவை உயரத்திலிருந்து புல்வெளி முழுவதையும் விரித்து, அதில் மான் கூட்டம், கொக்குகள், நீர் உள்ளே இறங்கி மறையும் பள்ளம் எல்லாம் சின்னச் சின்னதாக. இது பிலடெல்பியாவில் அமெரிக்கன் ஃபிலசாஃபிக்கல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்தில் இருக்கிறது. ஃபாதர்கில்லுக்குப் போன படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

குளத்தங்கரை

படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விஷயம். செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் மிதக்கும் பச்சைத் தீவுகள் என்று அவர் பக்கம் பக்கமாக வருணிப்பது பிஸ்டியா, நம் ஊர்க் குளங்களில் கிடக்கிற ஆகாயத்தாமரையேதான். காற்று மழையில் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய், மேலே தவளை, பாம்பு, குட்டி முதலை, நீர்நாய், காக்கை எல்லாம் குடியிருக்கும் தீவாக மிதப்பதை எழுதுகிறார். ஃப்ளோரிடாவில் அதை வெளியிலிருந்து வந்த களை என்று ரொம்ப நாளாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, இது இங்கேயே இருந்த செடி, 1765லும் 1774லும் பார்ட்ரம்கள் பார்த்திருக்கிறார்களே என்று எதிர்வாதம். அதற்கு முன்பே ஸ்பானியர் கப்பலில் வந்திருக்கலாமே என்று அதற்கும் பதில். இருநூற்றைம்பது வருடம் கழித்தும் களையெடுப்பு விவாதத்தில் இவர் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிகிரிகாபி

சரி, இவ்வளவு பேசியும் அந்த அழிந்துபோன மரம் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்பாவும் மகனும் கண்ட மரம் என்று எங்கோ படித்தேன்.

வேலிப்பருத்தி

ஃப்ராங்க்ளினியா. பெயர் விவகாரத்துக்கும் அதுவே நல்ல உதாரணம். 1765 அக்டோபரில் ஜார்ஜியாவில் ஆல்டமஹா ஆற்றுப் பக்கம், பாரிங்டன் கோட்டைக்கு அருகே வழி தவறிப் போனபோது இருவரும் அதைப் பார்த்தார்கள். பூ பருவம் தாண்டியிருந்தது. தேயிலைக் குடும்பத்து மரம், வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கேசரம், கோடை கடைசியில் பூக்கும். இலை உதிரும் காலத்தில் சிவப்பாகும். வில்லியம் தன் பெரிய பயணத்தில் மறுபடி அங்கே போய்ப் பூவைப் பார்த்து, விதை எடுத்து வந்தார். இரண்டு மூன்று ஏக்கரில் மட்டும் இருக்கிறது, வேறெங்கும் பார்த்ததே இல்லை என்று எழுதுகிறார்.

தோட்டத்தில் விதை முளைத்துப் பூத்தது. புதிய பேரினம், நண்பர் ஃப்ராங்க்ளின் பெயரை வைக்கவேண்டும் என்பது வில்லியத்தின் விருப்பம். லண்டன்காரர்கள் இது ஏற்கெனவே தெரிந்த கார்டோனியாதான் என்று தள்ளிவிட்டார்கள். உறவுக்காரர் ஹம்ஃப்ரி மார்ஷல் 1785இல் அமெரிக்க மரங்கள் பற்றிய நூலில் ஃப்ராங்க்ளினியா என்று அச்சிட்டார், அதுதான் நிலைத்தது. ஆக இந்த ஒரு வழக்கில் லண்டன் தோற்றது, அதுவும் வீட்டு ஆள் சீக்கிரம் அச்சிட்டதால். காட்டுமல்லியின் கேள்விக்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

காட்டில் அதைக் கடைசியாக 1803இல் பார்த்ததாகப் பதிவு. அப்புறம் எவ்வளவோ பேர் தேடியும் இல்லை. வெள்ளம், வேர் நோய், சேகரிப்பாளர்கள் பிடுங்கியது என்று ஆளுக்கொரு ஊகம். இன்று உலகத்தில் எங்கே ஃப்ராங்க்ளினியா நின்றாலும் பார்ட்ரம் தோட்டத்து மரங்களின் வழிவந்தது.

காட்டுமல்லி

அப்படியானால் பெயர்ப்பட்டியலை வைத்து இவரை அளப்பதே வீண் என்று தோன்றுகிறது. மரம் இருக்கிறது, வில்லியம் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால் மரமே இருந்திருக்காது. வால்டருக்கும் லண்டனுக்கும் பெயர் கிடைத்தால் கிடைக்கட்டும்.

பழையவரைபடம்

அதோடு ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி ஜான் தோட்டத்தை நடத்த இவர் அங்கேயே கடைசி வரை இருந்தார். வெறுங்காலோடு தோட்டத்தில் மண் கிளறிக்கொண்டிருந்த கிழவரைப் பார்க்கப் பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். 1787இல் அரசியல் சட்டம் எழுத வந்த பிரதிநிதிகள் ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதே வருடம் வந்த வாஷிங்டன், அரிய செடிகள் உண்டு, ஆனால் ரசனையோடு அமைக்கவில்லை, பெரிதும் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அப்படிச் சொல்லிவிட்டுப் பின்னால் அங்கேயே செடி வாங்கவும் செய்தார்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த நெசவாளி அலெக்சாண்டர் வில்சன் 1802இல் பக்கத்துப் பள்ளியில் வாத்தியாராக வந்தார். அவருக்குப் பறவை பார்க்கவும் வரையவும் கற்றுக்கொடுத்தவர் பார்ட்ரம், கூடவே ஆன் என்ற தம்பி மகளும் வரைவதில் உதவினாள். வில்சன்தான் பின்னால் ஒன்பது தொகுதிகளில் அமெரிக்கப் பறவைகளை எழுதியவர். பூச்சியியலில் பெயர்பெற்ற தாமஸ் சே இவருக்குப் பேரன் முறை. பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டன் 1803இல் அமெரிக்காவின் முதல் தாவரவியல் பாடநூலை வெளியிட்டபோது பெரும்பாலான படங்கள் பார்ட்ரம் கை. அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் ரெட் ரிவர் என்ற ஆற்றை ஆராயும் பயணத்துக்கு அழைத்தார், வயது அறுபத்தைந்துக்கு மேல், கண் சரியில்லை, போகவில்லை. 1823 ஜூலை 22இல் அந்தத் தோட்டத்திலேயே இறந்தார், 84 வயது. அன்று காலையும் ஒரு செடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

அந்திமந்தாரை

தம்பி மகள் ஆன் பற்றி யாராவது தனி இழை ஆரம்பியுங்கள். தோட்டத்தைப் பின்னால் கணவரோடு சேர்ந்து நடத்தியவர் அவர், எல்லாக் கட்டுரையிலும் அரை வரிதான்.

முதலைக்குட்டி

புத்தகத்தைப் படிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழையவரைபடம்

நான்கு பாகம். முதல் பாகம் ஜார்ஜியா, செடிப்பெயர் அடுக்கு நிறைய, புதிதாகப் படிப்பவர் அங்கேயே மூடிவைத்துவிடுவார். இரண்டாம் பாகத்தில் ஆரம்பியுங்கள், ஃப்ளோரிடா, முதலை, ஊற்று, புல்வெளி எல்லாம் அங்கேதான். மூன்றாவதில் செரோக்கி மலையும் மிசிசிப்பியும். கடைசிப் பாகம் அந்த மக்களின் வழக்கங்கள் பற்றியது, தனியாகவே படிக்கலாம். தேதிகளை மட்டும் நம்பாதீர்கள், பல இடங்களில் மாதமும் வருடமும் தப்பு. ஃபிரான்சிஸ் ஹார்பர் 1958இல் அவர் போன வழியிலெல்லாம் போய்ச் சரிபார்த்துத் திருத்தங்களோடு ஒரு பதிப்பு கொண்டுவந்தார், நூலகத்தில் கிடைத்தால் அதை எடுங்கள்.

தூரிகைவால்

படங்கள் நிறைந்த பெரிய தொகுப்பு 1968இல் வந்தது, ஜோசப் யூவன் பதிப்பித்தது. பழைய புத்தகக் கடையில் விலை கேட்டால் மயக்கம் வரும். லண்டன் அருங்காட்சியக இணையத்தில் பல படங்கள் இருக்கின்றன, பெரிதாக்கிப் பார்க்கலாம். தாமரையில் தொடங்குங்கள், முதலை அப்புறம்.